டேலி ஆனால் போதுமா?

பி.காம். முதலாம் ஆண்டு வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவு ரூ.60,000 தவறுதலாக இயந்திரக் கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளது. திருத்தப் பதிவு தருக. விடை இரண்டே வரி. பழுதுச் செலவுக் கணக்குக்குப் பற்று, இயந்திரக் கணக்குக்கு வரவு. ஸ்கேல் வைத்துக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இந்த வகைத் தவறுக்கு விதிப்பிழை என்று பெயர். அந்தப் பெயரையும் எழுதினால் முழு மதிப்பெண்.

2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவையே உலுக்கிய செய்தியும் இதே கேள்விதான். வேர்ல்ட்காம் என்ற தொலைபேசி நிறுவனம், பிற நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தியதற்காகத் தொடர்ந்து கட்டணம் செலுத்திவந்தது. வாடகை போல, அன்றாடம் கரையும் செலவு. அதை லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காமல், ஏதோ புதுச் சொத்து வாங்கியதுபோல் சொத்துப் பக்கம் ஏற்றிவிட்டார்கள். நிறுவனத்தின் உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவினரும் ஏடுகளைத் துருவித் துருவி இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் வெளிவந்த தொகை 380 கோடி டாலர். பிற தில்லுமுல்லுகளும் சேர்ந்து கடைசியில் அது 1,100 கோடி டாலர் அளவுக்குப் போனது. ஜூலை மாதம் நிறுவனம் திவாலானது. அமெரிக்கா அதுவரை பார்த்த திவால்களில் அதுவே பெரியது. தலைமைச் செயல் அதிகாரி பெர்னார்ட் எப்பர்ஸுக்கு 2005-இல் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அறுபதாயிரம் ரூபாயில் கற்றதும் 380 கோடி டாலரில் நடந்ததும் ஒன்றுதான். வேறுபாடு, முன்னது கவனக்குறைவு, பின்னது திட்டமிட்ட காரியம். கல்லூரியில் கணக்குப்பதிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பை யாராவது முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால், அந்தப் பாடத்தின் மேல் அவர்களுக்கு ஏற்படும் மரியாதையே வேறாக இருக்கும். பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. “டேலி ஆயிடுச்சா?” என்ற ஒரே கேள்வியோடு மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

டேலி ஆவது என்றால் என்ன? சிவகாசியில் ஓர் அச்சகம் பத்து லட்சம் ரூபாய்க்கு ஆஃப்செட் இயந்திரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் வந்தது, வங்கியிலிருந்து பணம் போனது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு முகம். வந்ததை ஒரு கணக்கில் பற்று, போனதை இன்னொரு கணக்கில் வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுவதே இரட்டைப் பதிவு முறை. காலண்டர் அச்சடித்துக் கடனுக்குக் கொடுத்தால் வாடிக்கையாளர் கடனாளி, விற்பனைக்கு வரவு. காகிதம் கடனுக்கு வாங்கினால் கொள்முதலுக்குப் பற்று. காகித வியாபாரி கடனீந்தோர். குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதி, பேரேட்டில் கணக்குவாரியாகப் பிரித்து, எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் ஒரு தாளில் அடுக்கினால் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வரவேண்டும். அந்தத் தாள்தான் இருப்பாய்வு.

சமமாக வராவிட்டால் தேடுதல் வேட்டை. கணக்குப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டு வந்த சில நுட்பங்கள் இன்றும் வகுப்பறைகளில் உலவுகின்றன. வித்தியாசம் 900 ரூபாயா? ஒன்பதால் வகுபடுகிறது, எங்கோ 5,400 என்பதை 4,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசம் 1,200 ரூபாயா? அதில் பாதி 600. அந்தத் தொகை பற்றுக்குப் பதிலாக வரவில் ஏறியிருக்கிறதா என்று பார். எதுவும் கிடைக்காவிட்டால் அந்த வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம், பிழை பிடிபடும்வரை. பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரில் ஜி.டி. பொத்தானைத் தட்டி, இரண்டு பக்கமும் ஒரே எண் வந்து நிற்கும்போது மாணவர் முகத்தில் வரும் மலர்ச்சி பொய்யில்லை. அந்த இன்பத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் அந்த அறுபதாயிரத்தைத் திரும்பப் பாருங்கள். பழுதுச் செலவை இயந்திரக் கணக்கில் எழுதினாலும் பற்றுப் பக்கம்தான் எழுதுகிறோம். இருப்பாய்வு பிசகில்லாமல் டேலி ஆகும். லாபமோ தப்பு. சிவகாசி அச்சகத்துக்கு உண்மையான லாபம் 3,40,000 ரூபாய் என்று கொள்வோம். அறுபதாயிரம் செலவில் வரவில்லை. சொத்தில் சேர்ந்துவிட்டதால் அதன்மேல் பத்து சதவீதம் தேய்மானமாக ஆறாயிரம் மட்டும் கழிகிறது. ஏட்டில் தெரியும் லாபம் 3,94,000. இயந்திரத்தின் மதிப்பும் ஒன்பது லட்சத்துக்குப் பதிலாக 9,54,000 என்று நிற்கிறது. அந்த 54,000 ரூபாயை நம்பிக் கூட்டாளிகள் பணம் எடுப்பார்கள், வங்கி கடன் வரம்பை உயர்த்தும், வரி கூடுதலாகப் போகும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. எந்தக் கால்குலேட்டரும் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. எது சொத்தாக நிற்கும் முதலினச் செலவு, எது அன்றாடம் கரையும் வருவாயினச் செலவு என்று தரம் பிரிக்கத் தெரிந்த ஒரு மனிதரால்தான் காட்ட முடியும். கணக்குப்பதிவியல் படிப்பின் உயிர் அந்தத் தரம்பிரிப்பில்தான் இருக்கிறது.

இந்த முறையை அச்சேற்றிய முதல் ஆசிரியர் என்ற பெருமை இத்தாலியத் துறவி லூக்கா பசியோலிக்கு உண்டு. 1494-இல் வெனிஸ் நகரில் அவர் வெளியிட்ட கணித நூலில் ஒரு பகுதி முழுக்க வணிகர்களின் ஏடுகளைப் பற்றியது. முறையைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டு வந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். வகுப்பறைக்கு வருவதற்கு முன்பே கடைவீதியில் வளர்ந்த கலை இது.

தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு கடைவீதிக் கல்வி இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்தில், கணக்குக் கற்பிக்கும் கல்லூரி என்பது அவர்களின் கடையேதான். சின்ன வயதுப் பையன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். எடுபிடி வேலையோடு ஏடு எழுதப் பழகி அடுத்தாள் ஆவான். தேறினால் கடையையே நிர்வகிக்கும் மேலாள். கடல்கடந்த கடையின் நிலவரத்தை ஊரிலிருக்கும் முதலாளி தெரிந்துகொள்ள ஒரே வழி அங்கிருந்து வரும் ஐந்தொகை. மேலாள் முகத்தைப் பார்க்காமல், ஏட்டை மட்டும் பார்த்து, அவர் கடையை எப்படி நடத்துகிறார் என்று முதலாளியால் சொல்ல முடிந்தது. தூரத்தில் இருப்பவர் நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு ஏடு பேசவேண்டும் என்ற அந்தத் தேவை, இன்றைய பங்குதாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் அப்படியே இருக்கிறது.

முறையான வணிகக் கல்வியின் இந்திய வரலாறும் சென்னையில்தான் தொடங்குகிறது. 1886-இல் பச்சையப்பன் அறக்கட்டளையினர் இங்கே ஒரு வணிகப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். 1913-இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தது. அதன்பிறகு பி.காம். பட்டம் மெல்ல மெல்லப் பரவி, இன்று தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் விண்ணப்பங்கள் குவியும் படிப்புகளில் ஒன்றாகிவிட்டது. பொது, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், கார்ப்பரேட் செகரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பேங்க் மேனேஜ்மென்ட் என்று கிளைகள் பல. பெயர் எதுவானாலும் நடுத்தண்டு ஒன்றே: முதலாண்டில் நிதிக் கணக்கியல், அடுத்து நிறுமக் கணக்கியல், பிறகு அடக்க விலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை.

புத்தகமும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். ரெட்டியும் மூர்த்தியும் சேர்ந்து எழுதி, சென்னை மார்கம் பதிப்பகம் வெளியிட்ட அந்தக் கனத்த ஆங்கிலப் புத்தகத்தை “ரெட்டி மூர்த்தி” என்றே மாணவர்கள் சொல்வார்கள். சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும்போது பாதிக் கணக்குகளின் ஓரத்தில் பென்சில் குறிகள் இருக்கும். அரசுப் பள்ளியில் பேரேடு, இருப்பாய்வு, கடனீந்தோர் என்று தமிழிலேயே படித்துப் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, ஜூலையில் கல்லூரிக்குள் நுழைந்ததும் இந்தப் புத்தகத்தின் முன் திகைத்து நிற்பதுதான் முதல் சோதனை. பாடம் தெரிந்ததுதான், மொழி புதிது. கணக்குப் போட எண்கள் கைகொடுக்கும். “ஏன் இப்படிப் பதிந்தாய், விளக்கு” என்று கேட்கும் இடத்தில் பிள்ளை வாயடைத்துப் போகும். இது அறிவுக் குறைவு அல்ல. முதல் மாதம் முழுவதும் கரும்பலகையில் இரு மொழியிலும் கலைச்சொற்களை அக்கம்பக்கமாக எழுதிப்போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு மாத உழைப்பு, முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரைப் படிப்பிலேயே தங்கவைக்கும்.

அந்தப் புத்தகத்தில் இறுதிக் கணக்குகள் என்ற அத்தியாயத்துக்கு வருவோம். கணக்கின் மேற்பாதியில் இருப்பாய்வு கொடுக்கப்பட்டிருக்கும். கீழே “சரிக்கட்டுதல்கள்” என்று ஒரு பட்டியல்: இயந்திரத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம் நீக்குக; கடனாளிகள்மீது ஐந்து சதவீதம் ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்குக; கடைசி நாள் சரக்கிருப்பு ரூ.82,000, கொடுபடவேண்டிய சம்பளம் ரூ.9,000. மாணவர் ஒவ்வொன்றையும் லாப நட்டக் கணக்கில் ஓரிடம், இருப்புநிலைக் குறிப்பில் ஓரிடம் என்று இரண்டு முறை பொருத்திவிட்டால் கணக்கு முடிந்தது. பலர் இதில் கைதேர்ந்துவிடுகிறார்கள்.

அந்த ஐந்து சதவீதத்தை யார் தீர்மானித்தது? வகுப்பில் யாரும் கேட்பதில்லை. அச்சகத்தின் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், இன்னொருவர் மூன்று முறை காசோலை திரும்பி வந்தவர், மற்றவர்கள் தீபாவளி முடிந்ததும் தவறாமல் தருபவர்கள் என்று ஆளாளாக நினைத்துப் பார்த்து ஒருவர் எடுக்கும் முடிவு அது. பத்து சதவீதத் தேய்மானமும் அப்படியே. இயந்திரம் பத்து ஆண்டு ஓடும் என்று ஒருவர் நம்புகிறார். சட்டங்களே இதில் ஒத்துப்போவதில்லை. பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரியில் ஆண்டுதோறும் குறைந்துவரும் மதிப்பின் மேல் 15 சதவீதம். 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டமோ 15 ஆண்டு ஆயுள் என்கிறது. ஒரே இயந்திரத்துக்கு ஒரே ஆண்டில் இரண்டு தேய்மானம், இரண்டும் சட்டப்படி சரி. முதன்முதலில் இதைக் கேட்கும் மாணவர் குழம்புவார். அந்தக் குழப்பம் நல்லது. லாபம் என்பது எண்ணிப் பார்த்துச் சொல்லும் எண் அல்ல, மதிப்பிட்டுச் சொல்லும் எண் என்று விளங்கத் தொடங்குவது அங்கேதான். வேலைக்குப் போனபின் யாரும் சரிக்கட்டுதல் பட்டியலை அச்சடித்துக் கையில் தரமாட்டார்கள். அந்தப் பட்டியலை எழுதுவதற்குத்தான் சம்பளம்.

முதலாண்டின் இன்னோர் எளிய பாடம் வங்கிச் சரிகட்டும் பட்டியல். தன் ஏட்டில் உள்ள வங்கி இருப்பும் வங்கி அனுப்பிய அறிக்கையில் உள்ள இருப்பும் ஏன் மாறுபடுகின்றன என்று கண்டுபிடிப்பது. கொடுத்த காசோலை இன்னும் பணமாக்கப்படாமல் இருக்கலாம். வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறாமல் இருக்கலாம். இங்கே பார்வைக் கோணம் முக்கியம். சம்பளம் வந்ததும் “உங்கள் கணக்கில் கிரெடிட்” என்று செல்பேசியில் செய்தி வருகிறதே, அது வங்கியின் ஏட்டிலிருந்து பேசுவது. உங்கள் பணம் அவர்களுக்குக் கடன், ஆகவே வரவு. உங்கள் ஏட்டில் அதே தொகை பற்று. இருவர் ஏடும் சரியாக இருந்தால் ஒன்றின் இடப்பக்கம் மற்றதன் வலப்பக்கமாக இருக்கும்.

இந்தப் பாடத்துக்கும் ஒரு பெரிய நிழல் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வங்கியிலும் கையிலும் 5,361 கோடி ரூபாய் இருப்பதாக ஏடுகள் காட்டுகின்றன, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். வங்கி அறிக்கைகளும் வைப்புநிதி ரசீதுகளும் போலி. வெளியார் தரும் சான்றை அந்த வெளியாரிடமே நேரடியாகக் கேட்டு வாங்கவேண்டும் என்பது தணிக்கையின் அரிச்சுவடி. அந்த நடைமுறையைத் தணிக்கை நிறுவனம் சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குப் பத்திர ஆணையம் 2011-இல் குற்றம் சாட்டியது. ராஜுவுக்கும் மற்றவர்களுக்கும் 2015-இல் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தணிக்கையாளர்களைக் கண்காணிக்க தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018-இல் அமைக்கப்பட்டதற்குப் பின்னால் இந்த வழக்கு எழுப்பிய கேள்விகளும் இருந்தன. வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பதினைந்து நிமிடக் கணக்காக மட்டும் சொல்லிக்கொடுத்து முடிப்பது, இந்தக் கதையைத் தெரிந்துகொண்டே மறைப்பதற்குச் சமம்.

கூட்டாண்மைப் பாடத்திலும் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. கூட்டாளிகளில் ஒருவர் நொடித்துப்போனால் அவர் கொடுக்கவேண்டியதை யார் ஏற்பது? கார்னர் - மர்ரே வழக்கின்படி, மற்றவர்கள் தங்கள் மூலதன விகிதத்தில் ஏற்கவேண்டும் என்று பி.காம். மாணவர்கள் சூத்திரம் போல மனப்பாடம் செய்வார்கள். 1904-இல் இங்கிலாந்தில் கார்னர், மர்ரே, வில்கின்ஸ் என்ற மூன்று கூட்டாளிகளின் தகராறு அது. வில்கின்ஸிடம் பணமில்லை. லாபத்தை மூவரும் சமமாகப் பிரித்துக்கொண்டவர்கள்தானே, இந்தக் குறையையும் சமமாகப் பிரித்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இது தொழிலில் வந்த நட்டம் அல்ல, ஒரு கூட்டாளி தராமல் போன பணம் என்று நீதிபதி ஜாய்ஸ் பிரித்துப் பார்த்தார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் உளுந்தூர்ப்பேட்டையிலும் உசிலம்பட்டியிலும் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பின்படி கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பிரிப்பு நியாயமா என்று வகுப்பில் பத்து நிமிடம் விவாதித்தால் சூத்திரம் தானாக நினைவில் நிற்கும்.

கல்லூரிப் படிப்போடு பலர் கைகோத்து நடத்தும் இன்னொரு படிப்பு சி.ஏ. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதே ஆண்டு ஜூலை 1 அன்று தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் கழகம் நடத்துவது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஃபவுண்டேஷன், பிறகு இன்டர்மீடியட், ஃபைனல். வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதம் வைத்திருந்தால் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். பிற பட்டதாரிகளுக்கு 60. ஒரு தாளில் 40 மதிப்பெண் எடுத்தால் மட்டும் போதாது, தாள்கள் சேர்ந்த குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வரவேண்டும். பெரும்பாலோர் முதல் முயற்சியில் தேறுவதில்லை. 39-இல் நின்றுபோன ஒரு தாள் பல வீடுகளில் ஆறு மாதப் பேச்சாக இருந்திருக்கிறது. அடக்க விலைக் கணக்கில் நாட்டமுள்ளோர் சி.எம்.ஏ., நிறுமச் சட்டத்தில் நாட்டமுள்ளோர் சி.எஸ். பக்கம் போவார்கள்.

சி.ஏ.வின் தனிச்சிறப்பு தேர்வில் இல்லை; ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறது. ஒரு தணிக்கையாளரின் அலுவலகத்தில் சேர்ந்து வேலை பழகுவது. மூன்று ஆண்டாக இருந்ததை 2023-இல் வந்த புதிய திட்டம் இரண்டாகக் குறைத்தது. ஆலைக் கிடங்கில் நின்று நூல் மூட்டைகளை எண்ணுவதும், பில்லைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பச்சை மையில் டிக் அடிப்பதும், காசாளரிடம் “இந்த வவுச்சரில் கையெழுத்து எங்கே?” என்று பணிவாகவும் விடாமலும் கேட்கப் பழகுவதும் அங்கேதான். உதவித்தொகை சொற்பம். பெட்டியடிப் பையன் படித்த பள்ளியின் இன்றைய வடிவம் இது என்றால் மிகையில்லை. சி.ஏ. தேர்வெழுதாத பி.காம். மாணவர்களுக்கும் ஒரு கோடை விடுமுறையாவது இப்படியொரு அலுவலகத்தில் உட்கார வாய்ப்புக் கிடைக்கவேண்டும்.

இந்தத் தொழிலின் கதவைத் தமிழகப் பெண்களுக்காக முதலில் தட்டித் திறந்தவர் ஆர். சிவபோகம். 1907-இல் பிறந்தவர், சென்னை இராணி மேரிக் கல்லூரி மாணவி, காந்தியவாதி. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். வெளியே வந்து, அக்காலத்தில் தணிக்கையாளர் தகுதியாக இருந்த அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் 1933-இல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் அவரே. சிறை சென்றவர்கள் பதிவு செய்துகொள்ளத் தடை இருந்தது. நீதிமன்றம் போய் வென்று, 1937 முதல் தனியாகத் தொழில் நடத்தினார். ஐம்பதுகளில் பட்டயக் கணக்கறிஞர் கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் பெயர் பி.காம். வகுப்புகளில் ஒருமுறைகூடச் சொல்லப்படாமல் போவது பெருங்குறை. இன்றைக்கு அந்த வகுப்புகளின் பெஞ்சுகளை நிரப்புபவர்களில் பெருந்தொகை பெண்பிள்ளைகள்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் செய்துவிடுமே, பிறகு எதற்கு இந்தப் படிப்பு என்று பெற்றோர் கேட்கிறார்கள். 1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பாரத் கோயங்காவும் தொடங்கிய டேலி மென்பொருள் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. பேரேட்டில் பதிவதையும் கூட்டுவதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் டேலியில் புதிதாக ஒரு லெட்ஜர் திறக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: எந்த குரூப்பின் கீழ்? ஏற்கெனவே அமைத்துத் தரப்பட்ட 28 குரூப்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அச்சக இயந்திரத்தின் பழுதுச் செலவை நிலைச் சொத்துகள் என்ற குரூப்பில் வைத்தால் மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். நொடியில் இருப்புநிலைக் குறிப்பும் தயாராகிவிடும், டேலியும் ஆகும். ஆறு மாத டேலி சான்றிதழ் வகுப்பு விசைகளைக் கற்றுத்தரும். எந்த குரூப் என்பதைக் கற்றுத்தர மூன்றாண்டுப் படிப்பு வேண்டும்.

சட்டங்களும் காலுக்குக் கீழே நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது மறைமுக வரிப் புத்தகங்கள் ஒரே நாளில் பழசாகின. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களைக் குழப்பிவந்த இரட்டைப் பேச்சு போய், வரி ஆண்டு என்ற ஒன்றே இருக்கும். பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்கள் திரும்பவும் தொடங்கவேண்டும். வருமானம் எது, எந்த ஆண்டுக்கு உரியது, எந்தச் செலவு அதிலிருந்து கழியும் என்று காரணம் தெரிந்து படித்தவர்களுக்கு எண்கள் மட்டுமே மாறும்.

வேலைவாய்ப்பு எங்கே என்றால், ஊர்த் தணிக்கையாளர் அலுவலகம், வங்கி, கூட்டுறவுச் சங்கம், ஏற்றுமதி நிறுவனம், அரசுத் தேர்வுகள் என்று பழைய வழிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தது, வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கைச் சென்னையிலும் கோவையிலும் இருந்து எழுதும் வேலை. உலக வங்கியே தன் கணக்கு, நிதி நிர்வாக வேலைகளில் ஒரு பகுதியை 2001 முதல் சென்னையிலிருந்து நடத்துகிறது. தரமணியில் அதன் பெரிய அலுவலகம் இருக்கிறது. வாஷிங்டன் முதலாளிக்குச் சென்னை மேலாள் அனுப்பும் ஏடு, ரங்கூனிலிருந்து காரைக்குடிக்கு வந்த ஐந்தொகையைப் போலவே நம்பகமாகப் பேசவேண்டும்.

அதற்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தப் புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் இணையத்தில் இலவசம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராம்கோ சிமெண்ட்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் இரண்டின் அறிக்கைகளையும் எடுத்து, இருப்புநிலைக் குறிப்பைத் தாண்டிப் பின்னால் உள்ள குறிப்புகளுக்குப் போகச் சொல்லலாம். இயந்திரங்களுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறார்கள், வாராத கடனை எப்படி மதிப்பிடுகிறார்கள், எதை முதலினச் செலவாக ஏற்றியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். தணிக்கை அறிக்கையில் “முக்கியத் தணிக்கை விஷயங்கள்” என்றொரு பகுதி இருக்கும். 2018 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையாளர்கள், தங்களுக்கு எந்த இடத்தில் அதிகத் தலைவலி இருந்தது, அதை எப்படிச் சோதித்தோம் என்று அதில் சொல்லவேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்களில் பரவலாக எழுத்துத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண். அந்த 25-இல் ஐந்தை ஒதுக்கி, செமஸ்டருக்கு ஓர் ஆண்டறிக்கையைப் படித்து வந்து, அதில் நிர்வாகம் எடுத்த மூன்று முடிவுகளை விளக்கச் சொல்ல எந்தக் கல்லூரித் துறைத் தலைவரும் இந்தக் கல்வியாண்டிலேயே உத்தரவிடலாம்.